படம் எடுப்பவரைப் படம் எடுத்தல்

காஞ்சியில் வைகாசிப் பிரம்மோற்சவத்தின் மூன்றாம் நாள் விடியற்காலையில், வரதராசப் பெருமாள் கருடன்மேல் எழுந்தருளிக் கோபுர வாசலைக் கடக்கும்போது, கூடியிருப்போரின் கைகள் ஒருசேர உயர்வதைக் காணலாம். முன்பெல்லாம் அக்கைகள் தலைமேல் குவிந்திருந்தன. இன்று அவற்றுட் பல கைபேசியைப் பற்றியிருக்கின்றன. பக்தி குறைந்துவிட்டது என்று இதைக் கண்டு வருந்துவோர் உளர். நான் அக்கட்சியினன் அல்லேன். பிரசாதத்தை இலையில் மடித்து வீட்டுக்கு எடுத்துச் செல்வதைப் போன்றதுதான் இதுவும்.

நிழற்படக் கலையில் ஈடுபாடுள்ள நம் மாணவர்க்கு இக்காட்சி ஒரு புதிய பொருளைத் தருகிறது. 2019ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்டு திங்களில் 48 நாட்கள் நடைபெற்ற அத்திவரதர் வைபவத்தின்போது அதை நான் முதன்முதலாக உணர்ந்தேன். அதற்கு முன் 1979இல் அனந்தசரசு திருக்குளத்திலிருந்து பெருமான் வெளிவந்தபோது, கைபேசி என்ற ஒன்றே இல்லை. 2019இலோ, சந்நிதித் தெருவில் வரிசையில் நின்ற பாட்டி முதல் பேரன் வரை ஒவ்வொருவரும் படப்பிடிப்பாளரே. கோபுரத்தை விட்டு அவர்களையே நான் படம் எடுக்கலானேன்.

இதற்கு முன்னோடிகள் உண்டு. இத்தாலியின் பைசா நகரில் சாய்ந்த கோபுரத்தைக் கையால் தாங்குவதுபோல் நின்று படம் எடுத்துக்கொள்ளும் பயணிகளை, ஆங்கிலேயக் கலைஞர் மார்ட்டின் பார் 1990இல் எடுத்த படம் புகழ் பெற்றது. அமெரிக்கரான வாக்கர் எவன்ஸ் 1938 முதல் 1941 வரை நியூயார்க் சுரங்க ரயிலில், மேலங்கிக்குள் காமிராவை மறைத்து வைத்து எதிரே அமர்ந்திருந்தோரை எடுத்தார். அப்படங்கள் நூலாக வெளிவந்தது 1966இல்தான்.

இனிச் செய்முறை. படம் எடுப்பவரின் முதுகுப்புறம் நின்றால் திரையில் தெரியும் சிறு கோபுரமும், அதற்கு அப்பால் உண்மைக் கோபுரமும் ஒரே சட்டத்துள் அமையும். அழகுதான், ஆனால் பத்துப் படம் எடுத்தபின் அலுத்துவிடும். பக்கவாட்டில் நின்றால் முகம் கிடைக்கும். கண்ணைச் சுருக்கி, உதட்டைக் கடித்து, மூச்சை அடக்கி நிற்கும் அம்முகமே நாம் தேடும் பொருள். இரவில் ஓர் இடர்ப்பாடு எழும். முகத்துக்கு ஏற்ப ஒளியளவை அமைத்தால் திரை வெறும் வெள்ளையாகும். திரைக்கு ஏற்ப அமைத்தால் முகம் இருளும். திரையொளி முகத்தில் விழும்படி அவர் கைபேசியைச் சற்று நெருக்கிப் பிடிக்கும் கணம்வரை காத்திருப்பதே வழி. திரையில் கருங்கோடுகள் விழுமாயின் மூடியின் வேகத்தை 1/60 நொடி அளவுக்குக் குறைத்துப் பார்க்கலாம். கோயிலுக்குள் இம்முயற்சி வேண்டா. தமிழ்நாட்டுக் கோயில்களில் கைபேசிக்குத் தடை விதிக்குமாறு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் ஆணையிட்டுள்ளது. நமக்குத் தெருவே போதும்.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். படம் எடுப்பவரின் கண் திரையிலேயே நிலைத்திருப்பதால், தாம் பார்க்கப்படுவதை அவர் அறியார். நமக்கு எளிதாய் அமைவது அதனால்தான், சிக்கலும் அதில்தான்.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறிவீட்டின் திண்ணையோரம் ஒருநாள் நின்றிருந்தேன். உள்ளே கூலிக்கு நெய்யும் அம்மையார் ஒருவர், தறியில் முடியும் தறுவாயிலிருந்த சேலையைக் கைபேசியில் எடுத்துக்கொண்டிருந்தார். மறுநாள் அது முதலாளி வீட்டுக்குப் போய்விடும்; வெளியூரிலுள்ள மகளுக்குக் காட்ட ஆசை. சன்னல் ஒளி அவர் கன்னத்தில் விழுந்தது. நான் எடுத்துவிட்டேன். ஓசை கேட்டுத் திரும்பினார்.

“தம்பி, அத அழிச்சிடுங்க. இந்தக் கரை இன்னும் கடைக்கே போகல. வெளிய போச்சுன்னா என்னைத்தான் கேப்பாங்க.”

“யாருக்கும் காட்டமாட்டேன் அம்மா.”

“நீங்க காட்டமாட்டீங்க. எங்கனா போயிடும் தம்பி.”

அவர் அச்சம் வீணன்று. உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடா ஓட்டி, துணைக்கு ஓர் ஆளை வைத்துக்கொண்டு பல நாள் நெய்யும் கோர்வைச் சேலையின் கரையை, ஒரு படத்தைக் கண்டே விசைத்தறியில் போலி செய்துவிடலாம். காஞ்சிப் பட்டுக்கு 2005-06இல் கிடைத்த புவிசார் குறியீடு அப்பெயரைக் காக்குமேயன்றி, புதிதாய் வரைந்த ஒவ்வொரு கரையையும் காக்காது. களவு வெளிப்பட்டால் முதலாளி முதலில் ஐயுறுவது நெய்தவரைத்தான்.

அவர் கண்முன்னேயே அழித்தேன். அன்று எடுத்தவற்றுள் அதுவே சிறந்த படம் என்பதை அழிக்கும்போதே அறிந்திருந்தேன். பிறகு, வெற்றுச் சுவரின் பக்கம் அமரச் சொல்லி, அவர் இசைவுடன் இன்னொன்று எடுத்தேன். அதில் அவர் தலையை வாரி, முந்தானையைச் சரிசெய்து, நிமிர்ந்து காமிராவை நோக்குகிறார். கைபேசி மடியில் கவிழ்ந்து கிடக்கிறது.