போப்ரே: ஒரு சொல், இரண்டு இடம், இரண்டு பொருள்!

ஓராண்டாக ஸ்பானிய மொழி கற்று வருகிறேன். அதில் அடிக்கடி வரும் ஒரு பெயரடை 'போப்ரே'. 'ஏழை' என்பது இதன் முதல் பொருள். ஆனால் விஷயம் அதோட முடியல!

1. வடிவம்

லத்தீன் மொழியின் 'பௌபெர்' என்ற சொல்லிலிருந்து பிறந்தது இது. ஆங்கிலத்தின் 'புவர்' கூட அதே வம்சம்தான். ஸ்பானியப் பெயரடைகள் பலவற்றில் ஆணுக்கு 'ஓ', பெண்ணுக்கு 'ஆ' என்று ஈறு மாறும். போப்ரேக்கு அந்தத் தொல்லை இல்லை. இருபாலுக்கும் ஒரே வடிவம். பன்மைக்கு 'போப்ரேஸ்'. 'பரம ஏழை' என்று சொல்ல 'பௌபேர்ரிமோ' என்ற தனி வடிவம் உண்டு.

2. இடம் மாறினால் பொருள் மாறும்

'ஓம்ப்ரே' என்றால் மனிதன்.
உன் ஓம்ப்ரே போப்ரே – பணம் இல்லாத ஒரு மனிதன்.
உன் போப்ரே ஓம்ப்ரே – பரிதாபத்துக்குரிய ஒரு மனிதன்.

ஸ்பானிய மொழியில் பெயரடை பெரும்பாலும் பெயருக்குப் பின்னால்தான் வரும். அங்கே நின்றால் போப்ரே ஒருவரின் பண நிலையைச் சொல்கிறது. முன்னால் வந்துவிட்டால் பேசுகிறவரின் இரக்கத்தைச் சொல்கிறது. சில நேரம் அதில் கொஞ்சம் இளக்காரமும் கலந்திருக்கும். தமிழில் பெயரடையை இப்படி இடம் மாற்ற முடியாது. அதனால்தான் நமக்கு 'ஏழை', 'பாவம்' என்று இரண்டு சொல் வேண்டியிருக்கு.

3. வேறு வழக்குகள்

'போப்ரே தே மி!' என்றால் 'ஐயோ, என் நிலைமையே!' 'போப்ரே என் க்ராஸாஸ்' என்றால் கொழுப்பு குறைந்த உணவு. நம்ம ஆட்டோமொபைல் பாடத்திலும் இந்தச் சொல் இருக்கு! ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய, எடைக்கணக்கில் சுமார் 14.7 பங்கு காற்று தேவை. காற்று அதைவிடக் கூடினால் நாம் 'லீன் மிக்ஸர்' என்போம். அவர்கள் 'மெஸ்க்லா போப்ரே', அதாவது 'ஏழைக் கலவை' என்பார்கள்.

4. இதில் நமக்கென்ன?

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். 'பாவம், ஏழை வீட்டுப் பிள்ளை' என்று பலர் சொல்லக் கேட்டிருக்கேன். நல்ல மனசோடுதான் சொல்றாங்க. ஆனால் அந்த ஒரு வரியில் இரண்டு செய்தி இருக்கு. வீட்டில் பணம் குறைவு என்பது உண்மை, அதை மறைக்க வேண்டியதில்லை. 'பாவம்' என்பது சொல்கிறவரின் தீர்ப்பு. அதை நாம் ஏற்றுக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. நம்மில் பலர் 'ஓம்ப்ரே போப்ரே' வீட்டிலிருந்து வந்தவர்கள். 'போப்ரே ஓம்ப்ரே' ஆகிவிடாமல் இருப்போம் தோழர்களே!

பயிற்சி: ஒரு கோடீஸ்வரி தன் ஒரே மகனைப் பறிகொடுத்துவிட்டாள். அவள் 'முஹேர் போப்ரே'யா, 'போப்ரே முஹேர்' ஆ? (முஹேர் – பெண்)

விடை: போப்ரே முஹேர்.