இறக்கத்தில் பிரேக்கும் சங்கக் கணக்கும்

சென்ற ஆண்டு மலைப்பகுதிச் சங்கமொன்றிற்கு ஆய்வுக்காகச் சென்றிருந்தேன். மிளகும் காப்பியும் விளைவிப்போரின் சங்கம் அது. டீசல் சிக்கனம் காட்டியமைக்காக வேன் ஓட்டுநரைப் பாராட்டி நிர்வாகக் குழு தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. செலவுச் சீட்டுகளைப் புரட்டினால், அதே ஆண்டில் பிரேக் லைனிங் மும்முறை மாற்றப்பட்டிருந்தது. விசாரித்ததில், இறக்கம் முழுவதும் கியரை நியூட்ரலில் தள்ளி, பிரேக்கை மட்டுமே நம்பி அவர் இறங்கி வந்தமை தெரிந்தது. அங்கத்தினர் இருவர் மூட்டைகளுடன் வந்த ஒரு நாள், வளைவொன்றில் பெடல் அடிவரை தாழ்ந்துவிட்டது. சாலையோர மண்மேட்டில் மோதி வண்டி நின்றபடியால் மூவரும் உயிர் தப்பினர்.

பிரேக் என்பது ஓட்டத்தின் சக்தியை உராய்வினால் வெப்பமாக மாற்றும் கருவியே. சரக்குடன் சேர்த்து 2 டன் எடையுள்ள வண்டி 1,000 மீட்டர் உயரம் இறங்கும்பொழுது வெளிப்படும் சக்தி, சுமார் 60 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. சாயத் தொட்டி காய்ச்சிப் பழகிய நெசவாள அன்பர்களுக்கு இதன் அளவு எளிதில் விளங்கும். 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலையைப் போன்றதோர் இறக்கத்தில் அவ்வெப்பத்தைப் பிரேக்கே தாங்க நேர்ந்தால், லைனிங் தன் பிடிப்பை இழக்கிறது. அதனினும் கொடியது பிரேக் ஆயில் கொதித்தல். இவ்வாயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 என்னும் வகை புதிதாயிருக்கையில் குறைந்தது 205 டிகிரி வெப்பம்வரை கொதியாதிருத்தல் வேண்டும். ஈரம் ஏறிய நிலையில் அவ்வெல்லை 140 டிகிரி மட்டுமே. கொதித்தால் குழாயில் ஆவி தோன்றும். திரவம் அழுத்தத்திற்குச் சுருங்காது, ஆவியோ சுருங்கும். காலின் அழுத்தம் சக்கரத்தைச் சேராமல் பெடல் தாழ்வது இதனால்தான்.

ஆகவே, எந்தக் கியரில் அம்மேட்டை ஏற வேண்டியிருக்குமோ அதே கியரில் இறங்க வேண்டும். கியரை இறக்கம் தொடங்குமுன்னரே மாற்றிவிடல் நலம். வண்டியை எஞ்சினே இழுத்துப் பிடிக்கும். வேகம் மிகும்பொழுது பிரேக்கை நன்கு மிதித்து, வேகம் தணிந்ததும் விட்டுவிட வேண்டும். எந்நேரமும் காலை அதன்மேல் வைத்திருத்தல் கூடாது.

டீசல் வீணாகுமே என்பர் சிலர். மின்னணுக் கட்டுப்பாடுள்ள இக்கால எஞ்சின்களில், கியரில் இறங்கும்பொழுது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் பாய்வது பெரும்பாலும் நின்றுவிடுகிறது. நியூட்ரலில்தான் எஞ்சின் சுழல்வதற்கென்று டீசல் செலவாகிறது. மேற்படி சங்கத்திலும் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்த்தேன்; சிக்கனம் எதுவும் இல்லை. வேன் ஓடிய நடைகளே அவ்வாண்டு குறைவு.

கருகல் நாற்றம் எழுந்தால் சமதளமான இடத்தில் நிறுத்தி, சக்கரத்திற்குக் கல் கொடுத்து, பிரேக் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். சூடேறிய டிரம்மில் தண்ணீர் ஊற்றினால் அது வெடிக்கக்கூடும். ஓட்டத்திலேயே பெடல் தாழ்ந்தால் விரைந்து பலமுறை மிதிக்க வேண்டும். சிறிது அழுத்தம் மீளலாம். அத்துடன் கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, கைப்பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுக்க வேண்டும். ஒரேயடியாக இழுத்தால் பின்சக்கரங்கள் இறுகி வண்டி திசைமாறும். பதற்றத்தில் எஞ்சினை நிறுத்திவிடுதல் பெருந்தவறு. ஸ்டீயரிங் கனத்துவிடும், மீந்திருக்கும் பிரேக்கும் கல்லைப்போல் இறுகும்.

ஆயில் மட்டம் குறைந்தால் ஊற்றி நிரப்புவதோடு நின்றுவிடலாகாது. கசிவோ லைனிங் தேய்வோ இருக்கும்; மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். எஞ்சின் ஆயிலை அதில் ஊற்றினால் ரப்பர் வளையங்கள் ஊதிக் கெடும். பொதுவாக இரண்டாண்டுக்கு ஒருமுறை பிரேக் ஆயில் முழுவதையும் மாற்றிவிடல் வேண்டும்.

அச்சங்கத்தின் வரவுசெலவுத் திட்டத்தில் இச்செலவு "தவிர்க்கத்தக்கவை" என்னும் தலைப்பின்கீழ் இருந்தது. அதை அடித்து, வாகனப் பராமரிப்பின்கீழ் எழுதச் செய்துவிட்டு வந்தேன்.