கல்லீரல் புற்றுநோய்க்கான சோராஃபெனிப் மருந்துக்குப் பதிவேடு தொடங்கும் இளம் மருத்துவர்களுக்கு

1. மருந்துச் சீட்டுக்கு முன் கல்லீரலின் நிலையை எழுதுங்கள். பிலிருபின், அல்புமின், ரத்தம் உறையும் நேரம், வயிற்றில் நீர், நினைவுத் தடுமாற்றம்: இந்த ஐந்தையும் வைத்துத்தான் சைல்டு-ப்யூ நிலையைக் கணக்கிடுகிறோம். இந்த மருந்தைச் சோதித்து 2008-இல் வெளியான ஷார்ப் ஆய்வில் இடைநிலை ஆயுள் 7.9 மாதத்திலிருந்து 10.7 மாதமாகக் கூடியது. ஆனால் அதில் சேர்க்கப்பட்டவர்கள் ஏறக்குறைய எல்லோருமே கல்லீரல் ஓரளவு நன்றாக இயங்கும் ‘ஏ’ நிலையினர். நம் ஓ.பி.க்கு வருபவர்களோ கண் மஞ்சளித்து, வயிறு வீங்கி வருகிறார்கள். அவர்களையும் விடாமல் பின்தொடர்ந்தது கிடியான் பதிவாய்வு: 39 நாடுகள், 3,000-க்கும் மேற்பட்ட நோயாளிகள். இடைநிலை ஆயுள் ‘ஏ’ நிலையில் 13.6 மாதம், ‘பி’யில் 5.2, ‘சி’யில் 2.6. எல்லோருக்கும் ஒரே மருந்துதான். கல்லீரல் நிலையைக் குறிக்காத பதிவேட்டை நான் படிக்கவே மாட்டேன்.

2. காலை 400, இரவு 400 மில்லிகிராம் என்று எழுதிக் கொடுப்போம். விழுங்கியது எவ்வளவு? மீதி மாத்திரைகளைக் கொண்டுவரச் சொல்லி எண்ணுங்கள்.

3. செருப்பைக் கழற்றச் சொல்லி உள்ளங்காலைப் பாருங்கள். இந்த மருந்தால் எரிச்சலும் கொப்புளமும் முதல் சில வாரங்களிலேயே வரலாம். கேட்காவிட்டால் பலர் சொல்லவே மாட்டார்கள். முதல் ஆறு வாரம் வாராவாரம் ரத்த அழுத்தம் பாருங்கள்.

4. ‘ஆறு மாதம் மருந்து எடுத்தவர்கள் அதிக நாள் இருந்தார்கள்’ என்று எழுதிவிடாதீர்கள். ஆறு மாதம் எடுக்க வேண்டுமானால் முதலில் ஆறு மாதம் உயிரோடு இருந்திருக்க வேண்டுமே! இடையில் இறந்தவர்கள் எல்லாம் ‘குறைவாக எடுத்தவர்கள்’ கணக்கில் போய்விடுவார்கள். மருந்து தொடங்கிய நாளில் தெரிந்ததை வைத்துப் பிரியுங்கள்; பிறகு நடந்ததை வைத்துப் பிரிக்காதீர்கள். பதிவாய்வில் இதைவிடப் பெரிய பள்ளம் எனக்குத் தெரியாது.

5. நிறுத்திய காரணத்துக்குத் தனிக் கட்டம் போடுங்கள். அதில் பணத்துக்கும் இடம் வேண்டும். ஒரு மாத மருந்து சுமார் 2,80,000 ரூபாய்க்கு விற்ற காலம் உண்டு. 2012-இல் இதைத் தயாரிக்க நாட்கோ நிறுவனத்துக்குக் கட்டாய உரிமம் கிடைத்த பிறகு அது 8,800 ரூபாய்க்கு வந்தது. அந்த 8,800-ஐயும் புரட்ட முடியாத குடும்பங்கள் இருந்தன. அங்கே தோற்றது மருந்தல்ல. அதைப் பிரித்துக் காட்டுவது உங்கள் கடமை.

6. வராமல் நின்றுவிட்டவர் வீட்டுக்குப் போன் செய்யுங்கள். இறந்திருந்தால் தேதியைக் கேட்பதற்கு முன், எதிர்முனையில் இருப்பவரைப் பேச விடுங்கள்.