தகடு கழன்றால் பசையை நோகாதீர்கள்

குசினி மேசைக்கு அலுமினியத் தகடு ஒட்ட நினைப்பவர் முதலில் கேட்பது, "எந்தப் பசை திறம்?" என்றுதான். கதிரவெளி போன்ற கடலோர ஊரில் அதைவிட முக்கியமான கேள்வி, மரம் எவ்வளவு அசையும் என்பது.

"உலோகமும் மரமும் ஒட்டாது, ஆணிதான் வழி" என்பார்கள். 1944இல் பறந்த பிரித்தானிய ஹோர்னெட் போர்விமானத்திலேயே அலுமினியத்தை மரத்தோடு ஒட்டியிருந்தார்கள். இரும்பாணி அடித்தால் உப்புக்காற்றில் ஆணியைச் சுற்றி அலுமினியம் அரித்துப்போகும். துளைவழியே நீர் இறங்கி, தகட்டுக்கு அடியில் மரம் உக்கும்.

"மரத்துக்குப் போடும் வெள்ளைப் பசையே போதும்." போதாது. நீர் வெளியேறினால்தான் அது இறுகும். தகடு நீரை உறிஞ்சாது. ஓரம் காய்ந்திருக்கும், நடுவில் நாள்கணக்கில் பசபசவென்று கிடக்கும்.

"புதுத் தகடு மினுங்குகிறது, சுத்தம்தான்." அந்த மினுக்கத்தின் மேல் ஆலை எண்ணெய் இருக்கும், கடற்கரையில் கிடந்ததென்றால் உப்பும் சேர்ந்திருக்கும். நல்ல தண்ணீரில் கழுவி உலர்த்தி, தின்னர் நனைத்த வெள்ளைத் துணியால், துணியில் கறுப்புப் படிவது நிற்கும் வரை துடையுங்கள். அரத்தாளால் மினுக்கம் போகத் தேய்த்து, மறுபடி துடைத்து, அன்றே ஒட்டிவிடுங்கள். மண்ணெண்ணெய் வேண்டாம், அதுவே எண்ணெய்ப் படலம் விடும். தின்னர் ஆவி தீப்பற்றும். அடுப்பை அணைத்து, கதவைத் திறந்து வையுங்கள்.

எல்லாவற்றிலும் அதிகம் நட்டம் தருவது, "கல்லாக இறுகும் பசைதான் திறம்" என்ற நம்பிக்கை. கச்சான் வீசும் மாதங்களில் பலகை காய்ந்து சுருங்கும், மாரியில் ஈரம் குடித்து ஊதும். ஓரடி அகலப் பலகை குறுக்குவாக்கில் இரண்டு மூன்று மில்லிமீற்றர் அசைவது சாதாரணம், நீளவாக்கில் அசைவே இல்லை எனலாம். தகடு ஈரத்துக்கு அசையாது, வெயிலுக்குத்தான் நீளும்: ஒரு மீற்றர் அலுமினியம் 30 பாகை சூடேறினால் ஏறத்தாழ 0.7 மில்லிமீற்றர். இரண்டையும் கல்லாக இறுகும் எப்பொக்சிப் பசையால் இறுக்கிக் கட்டினால் ஒன்றில் பசை விடும், அல்லது பலகை வெடிக்கும். சின்னத் துண்டுக்கு எப்பொக்சி நல்லது. அகலமான மேசைக்கு, இறுகிய பின்னும் ரப்பர் போல் இழுபடும் பொலியூரித்தேன் பசைதான் ஏற்றது. பலகைக்குப் பதில் பிளைவூட் போட்டால் அசைவே பெரிதும் குறைந்துவிடும்.

பலகையின் மறுபுறத்துக்குப் பெயின்ற் அடியுங்கள். ஒருபுறம் மட்டும் தகட்டால் மூடிய பலகை, மாரியில் மறுபுறத்தால் ஈரம் குடித்து வளைந்துவிடும்.