பத்துமலைப் பாறையும் இரட்டைக் கோபுரமும்

தைப்பூசத்திற்குப் பத்துமலை போனவர்கள், 272 படிகளையும் ஏறி முடித்ததும் அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். மலையின் வயிறே வெறுமையாக இருக்கும். அதைக் குடைந்தது மழைநீர். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரிவளியைக் கரைத்துக்கொண்டு, வலுக்குறைந்த கார்போனிக் அமிலமாகிறது. சுண்ணாம்புக்கல் அந்த அமிலத்தில் மெல்ல மெல்லக் கரையும். பல இலட்சம் ஆண்டுகள் கரைந்தால் குகை.

இதே வகைச் சுண்ணாம்புக்கல் கோலாலம்பூர் நகரின் அடியிலும் பரவிக் கிடக்கிறது. அங்கும் பொந்துகளும் பள்ளங்களும் உண்டு. மேலே மண் மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

அலுவலகங்கள், பேரங்காடி, இசையரங்கு, அறிவியல் கூடம் எல்லாம் ஒரே வளாகத்தில் அமைந்த பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தின் உயரம் 451.9 மீட்டர், 88 மாடிகள். 2004 வரை உலகின் மிக உயரமான கட்டடம் அதுதான். ஒவ்வொரு கோபுரமும் ஏறத்தாழ 3 இலட்சம் டன் எடை. இதைத் தாங்கும் நிலத்தைச் சோதித்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. முதலில் குறித்த இடத்தில் ஒரு பக்கம் மக்கிய பாறை. மறுபக்கம் கரைந்துபோன சுண்ணாம்புக்கல். ஒரு பக்கம் குறைவாகவும் மறுபக்கம் அதிகமாகவும் அமிழ்ந்தால் கோபுரம் சாயும். அமிழ்வதைவிடச் சமமில்லாமல் அமிழ்வதுதான் ஆபத்து.

அதனால் பொறியாளர்கள் கோபுரங்களின் இடத்தையே சுமார் 60 மீட்டர் தள்ளி வைத்தார்கள். என்னைக் கேட்டால், அந்தத் திட்டத்தின் மிகத் துணிச்சலான முடிவு இதுதான்.

புதிய இடத்தில் பாறை மிக ஆழத்தில் இருந்தது. எனவே அடித்தளத் தூண்களைப் பாறையில் ஊன்றவில்லை, மண்ணிலேயே நிறுத்தினார்கள். ஆழமாக அடித்த வேலிக் கம்பத்தைப் பிடுங்கிப் பாருங்கள். நுனியில் எதுவும் பிடித்துக்கொண்டிருக்காது. பக்கவாட்டு மண்ணின் உராய்வுதான் விடாது. அதே உராய்வு கீழே அழுத்தினாலும் தாங்கும். தூண் நீளமாக நீளமாக உராயும் பரப்பும் கூடும். இங்குள்ள தூண்களில் சில 100 மீட்டரையும் தாண்டுகின்றன. எல்லாம் ஒரே நீளம் அல்ல: அடியிலுள்ள பாறை சரிவாக இருப்பதால், மண் தடித்த பக்கம் நீண்ட தூண்கள், மெலிந்த பக்கம் குட்டைத் தூண்கள். இரு பக்கமும் ஒரே அளவு அமிழவேண்டும் என்பதே கணக்கு. பாறையில் கண்ட பொந்துகளில் சிமெண்டுக் குழம்பைச் செலுத்தி அடைத்தார்கள். தூண்களின் தலைமேல் 4.5 மீட்டர் தடிப்பில் கான்கிரீட் மேடை. ஒரு கோபுரத்தின் மேடைக்கு 54 மணி நேரம் இடைவிடாமல் கான்கிரீட் கொட்டினார்கள். நடுவில் நிறுத்தினால் பழையதும் புதியதும் சரியாக ஒட்டாது.

சீனாவின் 632 மீட்டர் உயரமுள்ள ஷங்ஹாய் கோபுரத்திற்கும் இதே தலைவலிதான். அங்கே குகை இல்லை, ஆற்று வண்டல் படிந்த மென்களிமண். அதன் மேடை 6 மீட்டர் தடிப்பு.

கோலா கிளாவாங் பக்கம் கதை வேறு. ஜெலுபுவைச் சுற்றிய மலைகளில் பெரும்பகுதி கருங்கல். அது சுண்ணாம்புக்கல்லைப் போல் கரைந்து குகையாகாது. அதிலுள்ள சில கனிமங்கள் நாளடைவில் களிமண்ணாக மாறும். புக்கிட் தங்கா வழியே சிரம்பான் போகும்போது, மலையை வெட்டிய மேடுகளில் செம்மண்ணுக்குள் உருண்டைக் கற்கள் புதைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அவை இன்னும் மக்கி முடியாத கருங்கல்லின் மிச்சம்.