அப்துல்ரஸாக் குர்னா: எந்த நூலிலிருந்து தொடங்குவது?

நூலகத்திலிருந்து அப்துல்ரஸாக் குர்னாவின் நாவலை ஆசையோடு எடுத்துச் செல்லும் மாணவிகள் சிலர், இரண்டு கிழமைக்குள் அதைத் திருப்பித் தந்துவிடுகிறார்கள். அடையாளத் துண்டு முப்பதாம் பக்கத்தைத் தாண்டியிருக்காது. காரணம் கேட்டால், "டீச்சர், இங்கிலிஷ் விளங்குது, கதைதான் விளங்கல்ல" என்பார்கள். இந்தப் பதில் எனக்குப் பிடிக்கும். குர்னாவின் கடினம் எங்கே இருக்கிறது என்பதை அது சரியாகத் தொட்டுவிடுகிறது. அவருடைய வசனங்கள் தெளிவானவை. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் உயர்தர மாணவி ஒருவருக்கு அவை பெரும் சுமையாக இரா. ஆனால் கதையில் நடப்பதை அவர் நமக்கு உடனே சொல்லிவிடுவதில்லை.

குர்னா 1948இல் சன்சிபார் தீவில் பிறந்தவர். அந்தத் தீவு 1963 டிசம்பரில் சுதந்திரம் பெற்றது. அடுத்த மாதமே அங்கு புரட்சி வெடித்தது. அரபு வழித்தோன்றல்களும் ஆசிய வழித்தோன்றல்களும் கொல்லப்பட்டார்கள். பலர் தீவை விட்டு ஓடினார்கள். குர்னாவும் 1960களின் இறுதியில் இங்கிலாந்து போய்ச் சேர்ந்து, பின்னர் கென்ற் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் கற்பித்தார். தாய்மொழி சுவாஹிலி, எழுதுவது ஆங்கிலத்தில். 1987 முதல் பதினொரு நாவல்கள் வெளிவந்துள்ளன. இலக்கியத்துக்கான நோபல் பரிசு அவருக்கு 2021இல் கிடைத்தது.

சுவாஹிலிச் சொற்களை அவர் கதையில் அப்படியே விட்டுச் செல்வார். நின்று பொருள் சொல்லமாட்டார். மற்ற வாசகர்கள் தடுக்கி விழும் இந்த இடத்தில் நமக்கு ஒரு கைப்பிடி உண்டு. நாம் கிதாபு என்பது அங்கே கிதாபு. நமது துன்யா அவர்களுக்கும் துனியா. நாம் வக்து என்பதை அவர்கள் வக்காத்தி என்கிறார்கள். உலகமே அறிந்த சஃபாரி என்ற சொல், நாம் சபர் என்று சொல்லும் அதே பயணம்தான். பருவக்காற்றோடு அரபுக் கரையிலிருந்து வந்த வணிகர்கள் அவர்களுடைய துறைமுகங்களிலும் இறங்கினார்கள், நமது பேருவளையிலும் இறங்கினார்கள். ஆகவே மஃரிப் நேரம், பள்ளிவாசல் திண்ணை, கடைக்குள் சாக்குகளுக்கு நடுவே உறங்கும் பையன் என்று குர்னா எழுதும்போது நமக்கு அது அந்நிய நாடாகத் தோன்றாது.

ஆனால் இந்தப் பழக்கம் நம்மை ஏமாற்றவும் கூடும். நமக்குத் தெரிந்த உலகம்தானே என்று வேகமாகப் புரட்டினால், அவர் சொல்லாமல் விட்டதைத் தவறவிடுவோம். பரீட்சைக்குப் பாத்திரப் பண்பு எழுதிப் பழகிய நாம் ஒவ்வொருவரையும் நல்லவர், கெட்டவர் என்று பிரிக்கத் தேடுகிறோம். குர்னாவின் வணிகர்கள் தொழுகிறார்கள், இனிமையாகப் பேசுகிறார்கள், விருந்தினரை உபசரிக்கிறார்கள். அதே கையால் கடனுக்கு ஈடாகப் பிள்ளைகளையும் வாங்கிக்கொள்கிறார்கள். இதை அவர் கோபத்தோடு சொல்வதில்லை. தீர்ப்பும் தருவதில்லை. அதனால்தான் கதை "விளங்காமல்" போகிறது என்று நினைக்கிறேன்.

எங்கே தொடங்குவது? பலரும் 'பரடைஸ்' (1994) நூலைச் சொல்வார்கள். புக்கர் பரிசின் இறுதிப் பட்டியல் வரை போய் அவரைப் பரவலாக அறியச் செய்த நாவல் அது. நான் நமது மாணவிகளுக்கு முதலில் கொடுப்பது 'ஆஃப்டர்லைவ்ஸ்' (2020). இதில் காலம் பெரும்பாலும் நேராக ஓடுகிறது. கிழக்காபிரிக்காவின் பெருநிலம் ஜேர்மனியின் ஆட்சியில் இருந்த காலத்தில் தொடங்கி, முதலாம் உலகப் போரைக் கடந்து, அதன் பின்னான பல ஆண்டுகளுக்கும் கதை செல்கிறது. ஐரோப்பாவின் போர் என்று நாம் பாடத்தில் படித்தது ஆபிரிக்க மண்ணில் ஆபிரிக்கச் சிப்பாய்களைக் கொண்டே நடத்தப்பட்டதை இந்நாவல் நமக்குக் காட்டுகிறது. அஸ்காரி எனப்பட்ட அந்தச் சிப்பாய்கள் பிறருடைய கொடிக்காகத் தம் மக்களையே சுட்டார்கள்.

ஆனால் நான் இதை முதலில் கொடுப்பதற்கு அஃபியா என்ற சிறுமிதான் காரணம். பெற்றோரை இழந்து, உறவினர் வீட்டில் வேலைக்காரி போல வளர்கிறாள். நெடுங்காலம் காணாமற் போயிருந்த அண்ணன் இல்யாஸ் திரும்பி வந்து அவளை நகரத்துக்கு அழைத்துப் போகிறான். எழுத வாசிக்கக் கற்றுக்கொடுக்கிறான். பிறகு அவனே ஜேர்மன் படையில் சேரப் புறப்படுகிறான். அவள் மறுபடி கிராமத்துக்கு அனுப்பப்படுகிறாள். அவளுக்கு எழுதத் தெரியும் என்பதை அந்த வீட்டுப் பெரியவர் கண்டுபிடிக்கிறார். பெண்பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று அடித்து அவளுடைய கையை உடைத்துவிடுகிறார். அவள் செய்வது என்ன? உதவி கேட்டு, அண்ணனின் நண்பர் கலீஃபாவுக்கு ஒரு சிறு துண்டு எழுதி அனுப்புகிறாள். எந்த எழுத்துக்காக அடிபட்டாளோ அந்த எழுத்தே அவளை அங்கிருந்து வெளியே கொண்டுவருகிறது. குர்னா இதைப் பற்றி ஒரு வரி விளக்கமும் எழுதவில்லை. எழுதியிருந்தால் இது கல்வியின் பெருமை பற்றிய கட்டுரையாகிப் போயிருக்கும்.

இரண்டாவதாகப் 'பரடைஸ்'. இதைத் தொடங்கும் முன்னர் சூரா யூசுபை, 111 வசனங்களையும், தமிழாக்கத்துடன் ஒருமுறை ஓதிவிடுங்கள். நாவலின் நாயகன் பெயரும் யூசுப், வயது பன்னிரண்டு. அஸீஸ் மாமா என்ற செல்வந்த வணிகர் வீட்டுக்கு வந்து போகும்போதெல்லாம் அவனுடைய கையில் பத்து அணா நாணயம் ஒன்றை வைப்பார். பையனுக்கு அது அன்பு. ஒருநாள் அவர் அவனை ரயிலில் அழைத்துச் செல்கிறார். அஸீஸ் மாமனே அல்லர், தந்தையின் கடனுக்காகத் தான் அடகு வைக்கப்பட்டிருக்கிறேன் என்பதை, கடையில் வேலை செய்யும் கலீல் என்ற மற்றொரு பையன் சொல்லித்தான் யூசுப் அறிகிறான். வாசகி அதற்கு முன்பே சந்தேகப்பட்டிருப்பாள். கதை பையனின் கண்ணுயரத்தில் நின்று சொல்லப்படுவதால், பெரியவர்கள் பேசாமல் விட்டது கதையிலும் பேசப்படாமலே இருக்கும். இது தெரிந்தபின் முதல் பக்கங்களுக்குத் திரும்பி அந்த நாணயத்தை மறுபடி பாருங்கள். அப்போது அதன் பெறுமதி வேறாக இருக்கும்.

யஜமானின் மனைவி, பின்புறமாகக் கிழியும் சட்டை, தோட்டம் என்று சூராவை நினைவூட்டும் இடங்கள் பல வரும். ஒற்றுமைகளை எண்ணிப் பட்டியலிடுவதோடு நின்றுவிடாதீர்கள். வேற்றுமைதான் முக்கியம். நபி யூசுப் (அலை) அவர்களுக்குக் கனவின் பொருள் அருளப்பட்டது. இந்தப் பையனுக்குத் தன் கனவுகள் விளங்குவதேயில்லை. அவர்கள் பிற்காலத்தில் களஞ்சியங்களுக்குப் பொறுப்பானார்கள். இவனுக்கு அப்படி ஒரு வாசல் திறக்கிறதா என்பதை நான் சொல்லமாட்டேன்.

எழுதப்பட்ட ஒழுங்கில் 'பரடைஸ்' அல்லவா முந்தியது என்று கேட்கலாம். உண்மைதான். 'ஆஃப்டர்லைவ்ஸ்' நாவலில் வரும் ஹம்ஸாவும் ஒரு வணிகரிடம் அடிமைப்பட்டிருந்து தப்பி வந்தவன். யூசுபை அறிந்தபின் அவனை நினைத்தால், ஒருவன் மற்றவனின் தொடர்ச்சியோ என்று தோன்றும். ஹம்ஸாவை அறிந்துகொண்டு யூசுபிடம் போகும்போது மனதில் கூடும் பாரத்தையே நான் விரும்புகிறேன்.

'பை த சீ' (2001) மூன்றாவதாக இருக்கட்டும். என் கணிப்பில் இதுவே அவருடைய மிகச் சிறந்த நாவல். மிகக் கடினமானதும் இதுதான். சாலிஹ் உமர் என்ற முதியவர் வேறொருவரின் பெயரிலான கடவுச்சீட்டோடு லண்டன் கட்விக் விமான நிலையத்தில் வந்திறங்கி, ஆங்கிலம் தெரியாதவர்போல் மௌனமாக நிற்கிறார். அவருடைய பயணப்பையில் விலையுயர்ந்த நறுமண ஊது அடங்கிய ஒரு சிறு பேழை. குடிவரவு அதிகாரி அதைத் தனக்கென எடுத்துக்கொள்கிறார். சாம்பிராணி மணக்கும் வீட்டில் வளர்ந்தவர்கள் அந்தப் பக்கங்களை மறக்கமாட்டார்கள். அதன்பின் கதை சன்சிபாருக்குத் திரும்புகிறது. ஒரு வீடு, ஒரு கடன், இரண்டு குடும்பங்கள். முதியவர் ஒரு விதமாகச் சொல்கிறார். மற்றக் குடும்பத்தின் மகன் லத்தீஃப் வேறு விதமாகச் சொல்கிறார். ஒரு தாளை இரண்டாக மடித்து, யார் எதைச் சொன்னார் என்று குறித்துக்கொண்டு வாசியுங்கள். காணி, வீட்டுச் சண்டையால் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்களை நம்மூரில் பார்த்தவர்களுக்கு இதில் மேலும் ஒரு படி விளங்கும்.

பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். 'பரடைஸ்' நாவலில் வயது வந்தோரின் கொச்சைப் பேச்சும், சிறுவர்கள் மீதான கொடுமை பற்றிய குறிப்புகளும் உண்டு. 'ஆஃப்டர்லைவ்ஸ்' போரின் கொடூரத்தையும், ஒரு இளம் கணவன் மனைவியின் நெருக்கத்தையும் சொல்கிறது. ஆகவே சாதாரண தரத்துக்கு முன்னர் இவற்றைக் கொடுக்க நான் அவசரப்படமாட்டேன். உயர்தர மாணவியின் கையில் கண்டால் பறிக்க வேண்டாம். முடிந்தால் நீங்களும் வாசியுங்கள். முஸ்லிம்களின் குறைகளை ஏன் ஆங்கிலத்தில் ஊருக்குச் சொல்கிறார் என்று ஒரு தந்தை என்னிடம் கேட்டதுண்டு. ஜேர்மனியர் செய்ததையும் ஆங்கிலேயர் செய்ததையும் குர்னா மறைக்கவில்லையே. அவர்களுடைய கணக்கைத் திறந்தவர் நம்முடைய கணக்கை மட்டும் மூடி வைத்திருந்தால், மற்றக் கணக்கையும் யாரும் நம்பியிருக்கமாட்டார்கள் என்றே அவரிடம் சொன்னேன்.

வேகம் வேண்டாம். நாளுக்குப் பத்துப் பக்கம் போதும். பெயர்களை முன்னட்டையின் உட்புறத்தில் பென்சிலால் எழுதாதீர்கள். அது கல்லூரிப் புத்தகம், தனித்தாள் வைத்துக்கொள்ளுங்கள். 'ஆஃப்டர்லைவ்ஸ்' முடித்தவர்கள் என்னிடம் வரும் முன்னர் ஒரு வேலை செய்யுங்கள். தொடக்கத்தில் இல்யாஸ் நண்பர்களுக்கு நடுவே இருந்து, ஜேர்மனியர்கள் தனக்கு நன்மையே செய்தார்கள் என்று பேசும் ஓர் இடம் உண்டு. அவனுடைய கதையின் கடைசிப் பக்கங்களை வாசித்த கையோடு அந்தப் பேச்சைத் தேடி எடுத்து இன்னொருமுறை வாசித்துவிட்டு வாருங்கள்.