நாரி நோ: காரணங்களும் அறிகுறிகளும் தற்காப்பும்

உலகில் மனிதரை அதிகமாக முடக்கிவிடும் உபாதைகளுள் முதன்மையானது நாரி நோவாகும். 2020ஆம் ஆண்டில் 619 மில்லியன் மக்கள் இதனால் அவதியுற்றதாக உலக சுகாதார ஸ்தாபனம் கணித்துள்ளது. வயலையும் தோட்டத்தையும் நம்பி வாழும் தண்ணீரூற்று, முள்ளியவளை மக்களுக்கும் இது புதியதல்ல.

காரணங்கள்

நாரிப் பகுதியில் 5 முள்ளந்தண்டு எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்துள்ளன. அவற்றின் இடையே அதிர்வைத் தாங்கும் மெத்தை போன்ற தட்டுக்கள் உண்டு. குனிந்தபடி நெல்மூடை தூக்குதல், வரம்பு கட்டுதல், களை பிடுங்குதல், உழவு இயந்திரத்தில் நெடுநேரம் குலுங்குதல் என்பன தசைகளையும் இத்தட்டுக்களையும் வருத்துகின்றன. திருவிழாவில் சுவாமி காவும் இளைஞரும், நாள் முழுவதும் கதிரையில் இருப்போரும் இதற்கு விலக்கல்லர். ஆயினும் 10 பேரில் ஏறத்தாழ 9 பேருக்குப் பாரதூரமான நோய் எதுவும் காரணமாக இருப்பதில்லை.

அறிகுறிகள்

குனிய, நிமிர நோதல், காலையில் நாரி பிடித்திருத்தல் என்பன சாதாரணமானவை. தட்டு விலகி நரம்பை அழுத்தினால் நோ பிட்டத்திலிருந்து கால்வரை இறங்கும், விறைப்பும் உண்டாகலாம். பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் குறைந்துவிடும்.

பின்வருவன காணப்படின் அன்றே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்:

1. சிறுநீர் போகாதிருத்தல், அல்லது சலமலம் தன்னையறியாமல் போதல்.
2. தொடையிடுக்கும் இருக்கையிடமும் மரத்துப்போதல்.
3. கால் பலமிழத்தல்.
4. காய்ச்சலுடன் கூடிய நோ.
5. விழுந்தபின் ஏற்பட்ட கடும் நோ.

காரணமின்றி உடல் மெலிந்தாலும், இரவில் நோ கூடினாலும் வைத்தியரிடம் காட்டத் தாமதிக்கலாகாது.

தற்காப்பு

நாட்கணக்கில் பாயில் படுத்திருக்க வேண்டும் என்பது பழைய எண்ணம். அதனால் தசைகள் மேலும் பலமிழக்கும். இயன்றளவு நடமாடுவதே இன்றைய மருத்துவம் கூறும் வழி. வெந்நீர் ஒத்தடம் இதம் தரும்.

பாரம் தூக்கும்போது முழங்காலை மடித்து இருந்து, சுமையை நெஞ்சோடு அணைத்து எழ வேண்டும். தூக்கியபடி இடுப்பைத் திருப்பக்கூடாது. மூடையை இருவராகத் தூக்குவது நல்லது.

நோக்குளிசைகளைக் கடையில் வாங்கித் தொடர்ந்து விழுங்குதல் சிறுநீரகத்தைப் பாதிக்கும். சிறுநீரக நோயாளர் பலர் வாழும் வன்னியில் இதனை மறக்கலாகாது.

2009 வரையான யுத்தத்தில் காயமடைந்து, உடலில் எறிகணைச் சிதறல் உள்ளவர்கள் எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்கு முன்னர் அதனைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். அக்கருவியின் காந்தம் உலோகத் துண்டை அசைத்துவிடக்கூடும்.

குடும்பப் பாரத்தைத் தனித்துச் சுமக்கும் தாய்மார் பலர் நோவை வெளியே சொல்வதில்லை. அவர்களிடம் கேட்டறிந்து, குடத்தையும் மூடையையும் வாங்கித் தூக்குவது பிள்ளைகளின் கடமையாகும்.